உப்புத் தண்ணீரில் குளிப்பதால்தான் முடி கொட்டுகிறதா?

கேள்வி: மதுரையிலிருந்து கல்யாணமாகித் தேவிபட்டினம் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை பிறந்து நான்கு மாதம். ஒரு மாதமாகத் தலையில் சீப்பு வைத்தாலே கொத்தாக முடி வருகிறது. இந்த ஊர் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

பதில்:

சகோதரி, இரண்டு வருடமாக அதே தண்ணீரில்தானே தலைக்குக் குளிக்கிறீர்கள்? கொட்டுவது ஒரு மாதமாகத்தான். அப்படியானால் தண்ணீரை விட்டுவிட்டு, நீங்கள் போகிற போக்கில் எழுதிய “குழந்தை பிறந்து நான்கு மாதம்” என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். முடி கொட்டுகிறது என்று வரும் பெண்களின் ரத்தத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன்.

தலைமுடி ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளரும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருக்கும், அதன்பின் உதிரும். எல்லாருக்குமே தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடுதலாக இருப்பதால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் தங்கிவிடும். அந்த மாதங்களில் உங்கள் கூந்தல் அடர்த்தியாக இருந்தது நினைவிருக்கும். பிரசவத்துக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் தங்கிய முடியெல்லாம் சேர்ந்தாற்போல் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தே கொட்டும். பெரும்பாலான தாய்மார்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டி இது சரியாகிவிடுகிறது. முன்நெற்றியில் குட்டை முடிகள் குத்திட்டு நிற்கத் தொடங்கினால், புது முடி வருகிறது என்று சந்தோஷப்படுங்கள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால், பின்னலில் பழைய கனம் தெரிய நாளாகும்.

இந்த மூன்று மாதக் கணக்கு பிரசவத்துக்கு மட்டும் உரியதில்லை. டெங்கு, டைபாய்டு, அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, வீட்டில் ஒரு சாவு என எது உடம்பை உலுக்கினாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். அதற்குள் காய்ச்சலையே மறந்துவிட்டு, நேற்று மாற்றிய ஷாம்பூவைக் குற்றம் சொல்கிறோம்.

கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் போன தம்பிகள் பலர் “அந்த ஊர்த் தண்ணீர் முடியைத் தின்றுவிட்டது” என்பார்கள். அவர்கள் விமானம் ஏறியது இருபதைத் தாண்டிய வயதில். ஆண்களுக்குப் பரம்பரை வழுக்கை தலைகாட்டும் வயதும் அதுதான். நெற்றியோரம் ஏறுவதும் உச்சி தெரிவதும் மரபணுவாலும் ஆண் ஹார்மோனாலும் வருவது. அதற்கு மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகள் உண்டு. தோல் மருத்துவரைக் கேட்டு, மாதக்கணக்கில் விடாமல் பயன்படுத்த வேண்டியவை. நிறுத்தினால் பலனும் போய்விடும். பாலூட்டும் நீங்கள் இவற்றின் பக்கம் தானாகப் போகவே கூடாது.

தண்ணீருக்குப் பங்கே கிடையாதா என்றால், உண்டு. நம் கடலோரக் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் வரும் நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சோப்புப் போட்டால் நுரைக்காமல் பிசுக்காகப் படிகிறதே, அது முடியின் மேலும் படியும். முடி சொரசொரப்பாகி, சிக்கு விழுந்து, இடையில் ஒடியும். வேரைப் பிடுங்கும் வேலையை அது செய்வதாகத் தெரியவில்லை. உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீள முடியின் நுனியில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது. குமிழ் இல்லாத துண்டு முடியென்றால் ஒடிந்தது. ஒடிகிற முடிக்குத் தண்ணீரைக் கவனிக்கலாம்: தலைக்குச் சோப்பை விட்டு ஷாம்பூவுக்கு மாறுங்கள், கடைசி இரண்டு செம்பு மட்டும் குடிக்கப் பிடிக்கும் காவிரித் தண்ணீரில் அலசுங்கள். குடத்தை எண்ணி நல்ல தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார்களுக்கு நெற்றியோர முடி மெலிந்திருப்பதைப் பார்க்கிறேன். உப்பு நீரில் நனைந்த தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கடலில் நிற்கிறார்கள். நாள்பட இழுபடும் வேர் கடைசியில் முளைக்காமலே போய்விடும். தலைத்துணிக் கட்டை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்துவதும், கரை ஏறியதும் அவிழ்த்து உலர விடுவதும் அவர்களுக்கு எந்த எண்ணெயைவிடவும் பலன் தரும். ஈரத்தலையை இறுகப் பின்னிப் பூ வைக்கும் நம் எல்லாருக்கும் இது பொருந்தும்.

இனி ரத்தத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், பால் கொடுக்கிறீர்கள், அதோடு பத்தியம் வேறு. பிள்ளைக்கு ஆகாது என்று மீனையும் கீரையையும் நிறுத்திவிட்டு, ரசமும் பூண்டுமாக மாதங்களை ஓட்டும் வீடுகளை நான் அறிவேன். பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் பெற்றெடுத்த உடம்புக்கு வேண்டியதையே அது பறித்துவிடுகிறது. உங்கள் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீன் குழம்பு வைத்துக் கொடுப்பதும் இந்தக் கடற்கரையின் வழக்கம்தானே?

அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகிறது, கட்டுகிறது என்று பலர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாவதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரையைத் தேநீர், பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். கீரையிலுள்ள இரும்பை உடம்பு ஏற்க விடாமல் தேநீர் தடுக்கும். மீன் அதற்கு நேர்மாறு, ஏற்க உதவும். முருங்கைக்கீரைப் பொரியலும் சூடைமீன் குழம்பும் ஒரே வேளையில் இருப்பது அவ்வளவு நல்லது. சூடை, நெத்திலி, காரல் எல்லாம் விலை குறைந்த மீன்கள்தான். முடியே புரதத்தால் ஆனது என்பதையும் மறக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாத 61 நாளில் மீன் விலை ஏறிவிடும், பல வீடுகளில் கஞ்சியும் துவையலும் மட்டுமே மிஞ்சும். அந்த நாள்களில் முட்டையையும் பருப்பையும் பாசிப்பயறையும் விடாதீர்கள்.

எண்ணெய் கேட்டீர்கள். தேங்காய் எண்ணெய் போதும். முடித்தண்டிலிருந்து புரதம் கழுவிப் போவதை அது குறைக்கும், ஒடிவதும் குறையும். புது முடியை முளைக்க வைக்கும் சக்தி அதற்கில்லை. பத்து மூலிகை போட்டுக் காய்ச்சி ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் எண்ணெய்க்கும் அந்தச் சக்தி இருப்பதாக நான் நம்பவில்லை. அந்தப் பணத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், உடம்பு தேறிய பிறகு ரத்தம் கொடுங்கள். தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்ப்பதும் அவசியம். பிரசவமான முதல் வருடத்தில் தைராய்டு தடுமாறும் பெண்கள் உண்டு, அதிலும் முடி கொட்டும், காரணமில்லாத அசதியோ படபடப்போ இருக்கும். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டு வந்தால், ரத்தம் எடுப்பவரிடம் அவசியம் சொல்லுங்கள். தைராய்டு முடிவுகளையே அது மாற்றிக் காட்டக்கூடும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு வரச் சொல்வோம்.

வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, உச்சந்தலையில் அரிப்பு, சீழ், வலி இருந்தாலோ, குழந்தைக்கு ஒரு வயது தாண்டியும் கொட்டுவது நிற்காவிட்டாலோ, காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது இந்த அறிக்கைகளையும், பிரசவ சமயத்தில் எடுத்த ஹீமோகுளோபின் எழுதியிருக்கும் தாய்சேய் நல அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.