அப்பத்துக்காகத்தான் தேடுகிறேனா? விசுவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

தேவனை எதற்காகப் பின்பற்றுகிறோம், அவர் தாமதிக்கும்போது என்ன செய்கிறோம் என்பவற்றைப் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். இவை இரண்டு தலைப்புகள் என்று நினைத்தேன். வந்த கேள்விகளைப் படித்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. நம் நோக்கம் என்ன என்பது, கேட்டது கிடைக்காத நாட்களில்தான் நமக்கே தெரியவருகிறது.

கேள்வி: ஐயா, கடும் நோயில் கிடந்தபோது ஜெபித்துச் சுகமானேன். அப்படித்தான் விசுவாசத்துக்கு வந்தேன். "நீ சுகத்துக்காக வந்தவள்தானே" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். என் விசுவாசம் போலியா?

பதில்: சுகத்துக்காக வந்தீர்கள், சரி. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, சகோதரி? சுவிசேஷங்களைப் புரட்டிப் பாருங்கள். குஷ்டரோகி வந்தான். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துகொண்டு வந்தார்கள். மகள் சாகக் கிடந்ததால் யவீரு வந்தான். "உன் நோக்கத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வா" என்று இயேசு இவர்களில் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

அவர் கண்டித்த கூட்டம் வேறு. 5 அப்பங்களையும் 2 மீன்களையும் கொண்டு ஏறக்குறைய 5000 ஆண்களைப் போஷித்த மறுநாள், படகேறிக் கப்பர்நகூம் வரை தேடி வந்தவர்களிடம்தான், "நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள்" என்றார். முந்தின நாள் அவர்கள் பசித்திருந்ததை அவர் குற்றமாக எண்ணவில்லை, இரங்கினார். வயிறு நிறைந்த பிறகும் அதற்குமேல் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் சிக்கல். நானே ஜீவ அப்பம் என்று அவர் பேசத் தொடங்கியதும் அவருடைய சீஷரிலேயே அநேகர், இது கடினமான உபதேசம் என்று பின்வாங்கிப் போனார்கள்.

பர்திமேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வை கேட்டான், கிடைத்தது. "நீ போகலாம்" என்றும் இயேசு சொல்லிவிட்டார். அவன் போகவில்லை, வழியிலே அவருக்குப் பின்சென்றான். நீங்களும் சுகமான பிறகு போய்விடவில்லையே. உறவினருக்கு அதைச் சொன்னால் போதும்.

கேள்வி: சபையில் பாடல் ஊழியம் செய்கிறேன். யாராவது பாராட்டினால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகிறது. இது தேவனுக்கான ஊழியம்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா, அண்ணா?

பதில்: நிறுத்தாதே, தம்பி. நிறுத்தினால் "எவ்வளவு தாழ்மை பார்" என்று நான்கு பேர் சொல்வார்கள், அதற்கும் உள்ளம் குளிரும்!

தன் உள்நோக்கத்தை ஓயாமல் தோண்டிக்கொண்டிருப்பதும் ஒருவகையில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, மனிதர்கள் தன்னைப்பற்றிச் சொல்லும் தீர்ப்பும் தனக்கு அற்பக் காரியம், தன்னைக்குறித்துத் தானே தீர்ப்புச் சொல்வதும் இல்லை என்கிறார். இருதயங்களின் யோசனைகளை வெளிப்படுத்தும் வேலையைக் கர்த்தர் வருமட்டும் விட்டுவைக்கிறார். சங்கீதம் 139-இன் முடிவிலும் தாவீது தன்னைத்தானே ஆராயப் புறப்படவில்லை, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுகிறான்.

ஒன்று மட்டும் செய்து பார். யாருக்கும் தெரியாத ஒரு வேலையையும் சபையில் எடுத்துக்கொள். எல்லாரும் போனபின் நாற்காலிகளை அடுக்குவதாக இருக்கட்டும், பேச்சுத் துணை இல்லாத ஒரு முதியவரை வாரந்தோறும் போய்ப் பார்ப்பதாக இருக்கட்டும். அதை வீட்டில்கூடச் சொல்லாதே. மத்தேயு 6-இல் இயேசு அந்தரங்கத்தில் கொடுக்கவும் ஜெபிக்கவும் உபவாசிக்கவும் சொன்னது இந்தப் பயிற்சிக்காகத்தான். பாராட்டே வராத வேலை எத்தனை நாள் இனிக்கிறது என்று கவனி.

கேள்வி: பல வருடங்களாக ஒரு குழந்தைக்காக ஜெபிக்கிறோம். "எதுவரைக்கும் ஆண்டவரே" என்று அழுதால், "முறுமுறுக்காதே, விசுவாசம் குறைவு" என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்கிறவர்கள் 13-ஆம் சங்கீதத்தை முதலில் படிக்கட்டும். இரண்டே வசனங்களில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று வருகிறது. தாவீது அதை யாருடைய முதுகுக்குப் பின்னாலும் சொல்லவில்லை, கர்த்தருடைய முகத்தைப் பார்த்தே சொன்னான். முறுமுறுப்புக்கும் ஜெபத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில், 86 வயதில், மனைவியின் வேலைக்காரி ஆகார் மூலம் இஸ்மவேல் பிறந்தான். அதன்பின் 99 வயதில் கர்த்தர் தரிசனமானார் என்றே ஆதியாகமம் தொடர்கிறது. இடையில் 13 வருடங்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியும் இல்லாத வருடங்களில் நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் கட்டாயம் பிறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று சொல்ல முடியும்.

கேள்வி: காத்திருப்பதா, காரியத்தில் இறங்குவதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இதற்குச் சூத்திரம் கேட்டால் என்னிடம் இல்லை. இரண்டு மனிதர்களைக் காட்டுகிறேன்.

முதலாமவன் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல். இடம் கில்கால். தான் வரும்வரை காத்திரு என்று தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த காலம் 7 நாள். எதிரிகளான பெலிஸ்தர் கடற்கரை மணலைப்போல மிக்மாசில் பாளயமிறங்கியிருக்கிறார்கள். ஜனங்கள் குகைகளிலும் முட்காடுகளிலும் ஒளிந்துகொள்கிறார்கள். ஏழாம் நாளும் வந்துவிட்டது, சாமுவேலைக் காணவில்லை. சேனை கண்முன்னே கரைகிறது. சாமுவேல் வந்து செலுத்த வேண்டிய சர்வாங்க தகனபலியைச் சவுல் தானே செலுத்துகிறான். செலுத்தி முடிக்கிற அந்த நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார்! விசாரித்தால் கையில் நல்ல காரணங்கள் தயாராக இருக்கின்றன: ஜனங்கள் சிதறிப்போனார்கள், நீர் குறித்த நாளில் வரவில்லை, நான் இன்னும் விண்ணப்பம் செய்யவில்லையே என்று துணிந்தேன். எல்லாம் உண்மை. ஆனால் பலி யாருக்கு என்பதைப் பாருங்கள். கர்த்தரைத் தேடுவதைவிட, கலைந்துபோகிற ஜனத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. கடைசியில் மீந்தது ஏறக்குறைய 600 பேர். அடுத்த அதிகாரத்தில் யோனத்தானும் அவன் ஆயுததாரியும் இரண்டே பேராகப் போய்ப் பெலிஸ்தரின் தாணையத்தை, அதாவது காவல் படையை, கலங்கடிக்கிறார்கள். 600 பேர் குறைவே இல்லை என்று சவுலுக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாமவன் பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரன் நெகேமியா. எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்துகிடக்கும் செய்தி கிஸ்லேவு மாதத்தில் வருகிறது. ராஜாவிடம் பேச வாய்ப்பு வந்தது நிசான் மாதத்தில், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. அதுவரை உபவாசமும் ஜெபமும். ஆனால் "உனக்கு என்ன வேண்டும்" என்று ராஜா கேட்டவுடன் பாருங்கள்: எத்தனை காலம் ஆகும் என்று சொல்கிறான், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறான், மரங்களுக்காக வனக் காவலாளன் ஆசாபுக்கும் ஒரு கடிதம் கேட்கிறான். மரம் யாரிடம் இருக்கிறது என்பதுவரை விசாரித்து வைத்திருக்கிறான். சும்மா உட்கார்ந்திருந்தவன் வாயிலிருந்து இத்தனை விவரம் வருமா?

ஆகவே வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள், படியுங்கள், விசாரியுங்கள். இவை அவிசுவாசம் ஆகாது. எந்த ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று தேவன் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருக்கிறாரோ, அதைப் பயத்தினால் செய்துவிடாதிருங்கள். பொய்ச் சான்றிதழ், லஞ்சம், இன்னொருவரை ஏமாற்றுவது இவையெல்லாம் தவறு என்று தெரிந்துகொள்ளத் தரிசனம் தேவையில்லை.

கேள்வி: "இந்த வருடமே உனக்கு நடக்கும்" என்று ஒருவர், நல்ல எதிர்காலம் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11-ஐக் காட்டித் தீர்க்கதரிசனம் சொன்னார். வருடம் முடிந்துவிட்டது.

பதில்: அதற்கு முந்தின வசனத்தை அவர் வாசிக்கவில்லை போலும். பாபிலோனிலே 70 வருடம் நிறைவேறின பின்பு என்று அங்கே இருக்கிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்றும், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய அதே கடிதம் சொல்கிறது. இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அப்போதும் ஒருவன் சொன்னான், பெயர் அனனியா. எரேமியா முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் பதில் சொன்னார். அவருக்கும் ஆசை இருந்தது. ஆசை வேறு, கர்த்தருடைய வார்த்தை வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களிடம் சொன்னவரை மன்னியுங்கள். அடுத்த வருடத்துக்கு அவரிடம் தேதி கேட்காதீர்கள்.

கேள்வி: "இதைத் தந்தால் இதைச் செய்வேன்" என்று பொருத்தனை செய்வது பேரமா?

பதில்: ஆகலாம். குழந்தையில்லாத அன்னாளும், மகனைத் தந்தால் அவனைக் கர்த்தருக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை செய்தாள். ஜெபித்து எழுந்தவள் போஜனம் செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று வாசிக்கிறோம். அப்போது அவள் இன்னும் கர்ப்பந்தரிக்கவே இல்லை. பேரம் பேசுகிறவர்களுக்குச் சரக்கு கைக்கு வரும்வரை முகம் தெளியாது.

கேள்வி: என் மகன் சபைக்கு வருவதை விட்டுவிட்டான். எத்தனையோ ஜெபித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் சண்டைதான். நான் இன்னும் என்ன செய்ய, பாஸ்டர்?

பதில்: அம்மா, பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்தீனின் தாய் மோனிக்காவும் உங்களைப்போல் ஓர் ஆயரிடம் போய், என் மகனிடம் வாதாடித் திருத்துங்கள் என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். அவனை விட்டுவிடு, ஜெபம் மட்டும் செய், அவன் படித்தே தெரிந்துகொள்வான் என்றார். வருடங்கள் பல ஓடின. கி.பி. 387-இல் மிலானில் அகஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருடம் ஒஸ்தியாவில் மோனிக்கா இறந்தாள்.

கடினமான ஒரு கேள்வியைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மகன் வர வேண்டும் என்று அழும்போது, அவனுக்காக எவ்வளவு அழுகிறீர்கள், "போன வாரமும் பையன் வரவில்லையா" என்று கேட்கிறவர்களுக்காக எவ்வளவு? இரண்டும் கலந்துதான் இருக்கும், தாய்தானே. கலந்ததை அப்படியே கர்த்தரிடம் கொண்டுபோங்கள். அடுத்த முறை அவன் வரும்போது சபையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். வேலை எப்படிப் போகிறது, சரியாகத் தூங்குகிறாயா என்று கேளுங்கள். ஜெபத்தை அவன் போனபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.