குடியாத்தத்துக் கடையும் லினக்ஸும்

வணக்கம் ஐயா,

குடியாத்தத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு அப்டேட் நின்றுபோனது. விண்டோஸ் 11 இவற்றில் ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார் வேலூர் சர்வீஸ்காரர். காட்பாடியில் படிக்கும் அக்கா மகன், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடச் சொல்கிறான். இலவசமாகக் கொடுத்தும் இத்தனை வருஷத்தில் விண்டோஸை ஜெயிக்க முடியாத ஒன்றை நம்பி இறங்கலாமா?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

லினக்ஸ் தோற்றுவிடவில்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய கர்னல்தான், அதாவது லினக்ஸின் மையப் பகுதிதான், இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஓடுகிறது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான். மேசைக் கம்ப்யூட்டரில்தான் அது இன்னும் திணறுகிறது. அதற்கான காரணம் உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நோட்டீஸை எப்படி அடிக்கிறீர்கள்? பெரும்பாலான கடைகளில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் (இது லினக்ஸுக்கு வரவே இல்லை) போன வருஷத்துக் கோப்பைத் திறந்து, தேதியையும் உபயதாரர் பெயரையும் மாற்றுவார்கள். எழுத்துரு பாமினி. திரையில் ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளாகத்தான் கிடக்கிறது. பாமினியை எடுத்துவிட்டால் அதில் தமிழே இல்லை. விண்டோஸை விட்டு நகர விடாமல் கையைப் பிடித்து இழுப்பது இந்தக் கோப்புகள்தான்.

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான லினக்ஸ் வகையான பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. வெளியே வேலை கேட்டுப் போனால் பேஜ்மேக்கர், போட்டோஷாப், கணக்கு எழுதும் டேலி தெரியுமா என்றுதானே கேட்டார்கள்? கேரள அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில் நடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மிஷின்கள் கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ, அது ஏற்கிற பிராசசரோ அவற்றில் இருக்காது, அவ்வளவுதான். அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள்.

எந்த ஓஎஸ் போட்டாலும் முதல் வேலை, அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கம்ப்யூட்டரும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுவது. பாமினியை மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருள் திறக்கும். லேஅவுட் கொஞ்சம் கலைந்து வரும், சரிசெய்யப் பொறுமை வேண்டும். புது வேலைகளை, பேஜ்மேக்கர் போலப் பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில் ஆரம்பியுங்கள். தமிழ்99 என்ற விசைப்பலகை முறை மட்டுமல்ல, பழைய டைப்ரைட்டர் முறையும் லினக்ஸில் உண்டு. அதனால் கைப்பழக்கம் வீணாகாது. டேலி இருந்தால் அதற்காக ஒரே ஒரு விண்டோஸ் 11 மிஷின் வாங்குங்கள், போதும்.

அப்புறம், எடுத்தவுடனே இன்ஸ்டால் செய்துவிட வேண்டாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் ஓட்டிப் பார்க்கலாம். அப்போதே உங்கள் லேசர் பிரிண்டரைச் சொருகி ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். சில பழைய மாடல்கள் லினக்ஸில் ரொம்பவே படுத்தும். பக்கம் ஒழுங்காக வந்தால் அக்கா மகனைக் கூப்பிடுங்கள். வராவிட்டால் பிரிண்டரின் மாடல் நம்பரோடு எனக்கு எழுதுங்கள்.