நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள்: வாசகர் கேள்விகளுக்கு மருந்தாளுநர் பதில்

கேள்வி: கிருமியைக் கொல்லும் மாத்திரை நம் உடலின் உயிரணுக்களை எப்படி விட்டுவைக்கிறது? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பாக்டீரியாவிடம் உள்ள, ஆனால் நம்மிடம் இல்லாத உறுப்பைத்தான் நல்ல மருந்து தாக்குகிறது. பாக்டீரியாவைச் சுற்றிச் செல்சுவர் உண்டு. மனித உயிரணுவுக்கு அது கிடையாது. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலினும், இன்று கிளினிக்குகளில் பரவலாகத் தரப்படும் அமோக்சிசிலினும் அந்தச் சுவர் எழும்பவிடாமல் தடுப்பதால், பெருகிவரும் பாக்டீரியா உடைந்து அழிகிறது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவை பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. ரைபோசோம் நமக்கும் உண்டு, ஆனால் அதன் அமைப்பு வேறு. பூஞ்சைகளின் உயிரணுக்களோ நம்முடையவற்றை ஒத்திருப்பதால், அவற்றுக்கு எதிரான ஆம்போடெரிசின் போன்ற மருந்துகள் நம் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை. பக்கவிளைவுகளில் ஒரு பகுதி இந்த ஒற்றுமையால் வருவது. மற்றவை ஒவ்வாமையாலும், நமக்கு உதவும் குடல் பாக்டீரியாக்களும் சேர்ந்து மடிவதாலும் வருபவை.

கேள்வி: மகனுக்கு டிங்கி காய்ச்சல். மருத்துவர் ஆண்டிபயாடிக் தரவில்லை. வீட்டில் மீதமுள்ளதைக் கொடுக்கலாமா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: கூடாது. டிங்கி வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. தாக்குவதற்கு மருந்துக்கு அங்கே இடமே கிடையாது. நீர்ச்சத்தையும் இரத்தப் பரிசோதனையையும் கவனியுங்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் தர வேண்டாம். மீதமாத்திரை என்பதே வீட்டில் இருந்திருக்கக்கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: அமோக்சிசிலின் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கு வந்தது. எனக்கு ஒவ்வாமை என்று அட்டையில் எழுதச் சொல்லலாமா? (வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: அவசரப்பட வேண்டாம். லேசான வயிற்றுப்போக்கு பெரும்பாலும் குடல் பாக்டீரியாக்கள் குலைவதால் ஏற்படுவது. அது ஒவ்வாமை அன்று. தவறாக ஒவ்வாமை என்று பதிவாகிவிட்டால், பிற்காலத்தில் எளிய பெனிசிலின் போதுமான நோய்க்கும் வீரியமான வேறு மருந்தை மருத்துவர் நாட வேண்டியிருக்கும். தோலில் தடிப்பு எழுந்தாலோ உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது உண்மையான, ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூட இரத்தமோ காய்ச்சலோ கலந்த கடும் வயிற்றுப்போக்கு வரலாம். அப்போது போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சிப்ரோஃப்ளோக்சசினைத் தே தாரிக் என்னும் பால் தேநீருடன் விழுங்கலாமா? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: வேண்டாம், வெறும் நீர் போதும். பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிணைத்துக்கொள்வதால் இரத்தத்தில் அது போதிய அளவு சேராது. இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்றுப் புளிப்புக்கான மருந்தும் இதையே செய்யும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணில் வலி தோன்றினால், ஓட்டம், நடை எதையும் தொடராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மருந்தால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து, குறிப்பாக முதியோருக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் உண்டு.

கேள்வி: காசநோய் மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. நிறுத்திவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: நிறுத்தவே வேண்டாம். ரிஃபாம்பிசின் சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும் நிறமாக்கும், அதில் தீங்கில்லை. ஆனால் கண் மஞ்சளானால், அல்லது எத்தாம்பூட்டால் என்ற மற்றொரு காசநோய் மருந்தை எடுக்கும்போது நிறங்கள் மங்கினால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைப்பதால் வேறு முறையைக் கேட்டறியுங்கள். இருமல் சில வாரங்களில் அடங்கினாலும், வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள்; இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியே மிஞ்சக்கூடும்.

கேள்வி: எனக்கு ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு. எதைத் தவிர்க்க வேண்டும்? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

பதில்: நைட்ரோஃபுரான்டோயின், டாப்சோன், மலேரியாவுக்கான பிரைமாகுயின் ஆகியவை உங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் இதற்கான பரிசோதனை செய்யப்படுவதால், முடிவு பலருக்குத் தெரிந்திருக்கும். எந்தக் கிளினிக்கிலும் முதலில் அதைச் சொல்லுங்கள். அமோக்சிசிலினுக்கு இதனால் தடையில்லை.