பகலில் கட்டுப்பாடு, இரவில் அளவு மீறல்: என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 41. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் காபியோடு கிளம்பிவிடுவேன். மதியம் சின்ன டப்பாவில் எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோதான். வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். எல்லோருக்கும் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, ஒன்பதரைக்குப் போன் பார்த்தபடி நான் சாப்பிட உட்கார்ந்தால் ஆறேழு தோசை போவதே தெரிவதில்லை. அதற்கு மேல் மிக்சர் வேறு. ‘மைண்ட்ஃபுல் ஈட்டிங்’, அதாவது கவனமாகச் சாப்பிடுவதைப் பழகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வாயையும் 32 முறை மெல்ல வேண்டுமாமே?

பதில்: 32 என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். எண்ணிக்கொண்டே மென்றால் மனசு எண்ணிக்கையில்தான் இருக்கும். வாயில் இருப்பது கூழாகும்வரை மென்று, அதை விழுங்கிய பிறகு அடுத்த வாய்க்குக் கை போனால் போதும்.

உங்கள் கடிதத்தில் இரவைவிடப் பகல்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பகலெல்லாம் அரைவயிற்றோடு இருந்துவிட்டு, ஒன்பதரை மணிக்கு உடம்பிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பையில் கிரெலின் என்ற ஹார்மோன் ஊறி, மூளையில் பசியைக் கிளப்புகிறது. சரியாகத் தூங்காத நாட்களில் இந்தப் பசி இன்னும் கூடும். ஆகவே உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். முதல் இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டில் எதையும் குறைக்கவே வேண்டாம். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுக் கிளம்புங்கள். மதிய டப்பாவில் ஒரு பொரியலும், ஒரு முட்டையோ கெட்டியான பருப்போ சேரட்டும். மாலை ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். இதைச் செய்யாமல் கவனமாகச் சாப்பிடப் பழகுவது மிகவும் கஷ்டம்.

இனி தோசைக்கு வருவோம். சாதம் என்றால் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தோசை ஒவ்வொன்றாக வருகிறது. தின்றதும் தட்டு காலியாகிவிடுவதால் எத்தனை உள்ளே போனது என்பதற்கு அடையாளமே இருப்பதில்லை. போதும் என்ற உணர்வும் உடனே வராது. இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்ல வேண்டும். உணவு சிறுகுடலை எட்டியதும் அங்கிருந்து சில ஹார்மோன்கள் கிளம்ப வேண்டும். எல்லாம் சேர்ந்து வேலை செய்ய ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். பத்தே நிமிடத்தில் ஆறு தோசை முடிந்துவிட்டால் அந்தச் செய்தி வரும்போது நீங்கள் கை கழுவியிருப்பீர்கள்.

நம் வீடுகளில் கல்லுக்கு முன்னால் நிற்பவர்தான் கடைசியில் சாப்பிடுகிறார். பசி உச்சத்தில் இருக்கும். மிஞ்சிய மாவு, பிள்ளைகள் தட்டில் வைத்த பாதி தோசை எல்லாம் ‘வீணாகிறதே’ என்று அவர் வயிற்றுக்கே போகும். இதை நீங்கள் ஒருவராகச் சரிசெய்ய முடியாது, வீடே மாற வேண்டும். வாரத்தில் சில நாள் இட்லி ஊற்றுங்கள். ஒரே ஈட்டில் வெந்துவிடும், எல்லோரும் சேர்ந்து உட்காரலாம். தோசை நாட்களில் வேறொருவர் கரண்டியைப் பிடிக்கட்டும். மீந்த மாவு ஃபிரிட்ஜுக்குப் போகட்டும்.

நீங்கள் சாப்பிடும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். அந்த முதல் இரண்டு வாரம் கழிந்ததும், மூன்று தோசையை ஒன்றாகத் தட்டில் வைத்து, சட்னி, சாம்பாரையும் ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். முதல் நாலைந்து வாய்க்கு மட்டும் முழுக் கவனம் கொடுங்கள்: ஓரத்து முறுகல், நடுவில் உள்ள மெத்து, மாவின் புளிப்பு, விரலில் படும் சூடு. மூன்றும் முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள். அப்போதும் பசித்தால் தயங்காமல் நான்காவதைச் சாப்பிடுங்கள். பசிக்கிற வயிற்றோடு எழுந்தால் மிக்சர் டப்பாவிடம்தான் போய் நிற்பீர்கள்.

அந்த மிக்சரை டப்பாவிலிருந்து நேரே அள்ளாமல் சிறு கிண்ணத்தில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். திடீரென்று வந்து, மிக்சர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் அலுப்பு அல்லது மனச்சுமை. வயிற்றுப் பசி மெல்ல ஏறும், மோர் சாதம் கொடுத்தாலும் அடங்கும்.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் தொடங்கிய, மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியில், ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, நிதானமாகச் சாப்பிடச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்து பாருங்கள். ஆனால் எடை மளமளவென்று இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவலையில் தின்பதையும் கட்டுமீறித் தின்பதையும் கவனமாகச் சாப்பிடும் பழக்கம் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. எடை குறைவதில் பலன் அவ்வளவு உறுதியாக இல்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டு அளவையோ நேரத்தையோ மாற்றக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். நிறுத்த நினைத்தும் முடியாமல், வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக, யாருக்கும் தெரியாமல் வயிறு வலிக்கத் தின்று பிறகு அருவருப்போடு கிடக்கிறீர்கள் என்றால் இந்தப் பயிற்சி மட்டும் போதாது. அது சிகிச்சை உள்ள ஒரு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரை இந்த மாதமே பாருங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.