கால் மெஷின்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், "நான் இன்னும் கால் மெஷினில்தான் தைக்கிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் பாட்டியின் தையல் மெஷின் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சிங்கர். கறுப்பு உடல், பொன்னிறப் பூவேலை, வார்ப்பிரும்புக் கால்கள். இருபது வருடமாக யாரும் தொடவில்லை. சக்கரம் அசையவே இல்லை. சமையலறையில் இருந்த எண்ணெயை விட்டுப் பார்த்தேன். கால் சுற்று நகர்ந்து மறுபடி நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர், "மோட்டார் போட்டுவிடலாம், மிதிப்பதெல்லாம் எதற்கு?" என்றார். தலையைக் கழற்றிவிட்டு, கால்களுக்குப் பெயிண்ட் அடித்து, மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கலாம் என்கிறான் தம்பி. எனக்கோ அதில் தைக்க ஆசை. நான் தைக்கக் கற்றது மின்சார மெஷினில். இந்த ஆசை வெறும் பழமை மோகமா? எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்தச் சமையலறை எண்ணெயை வெளியே எடுக்க வேண்டும். பழமை மோகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சமையல் எண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசுபிசுக்கும், பிறகு கோந்து மாதிரி இறுகும். உங்கள் மெஷின் நின்றுபோனதற்கும் அநேகமாக உள்ளே காய்ந்துபோன பழைய எண்ணெய்தான் காரணமாக இருக்கும். வீட்டுக்குள்ளேயே இருந்த மெஷின்களில் துருப்பிடித்துப் பூட்டிக்கொண்டவற்றைவிட எண்ணெய் காய்ந்து ஒட்டிக்கொண்டவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் பயப்பட வேண்டாம். பலத்தைக் காட்டாமல் இருந்தால் போதும்.

எண்ணெய்ப் புட்டியைத் தொடுவதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். அடிநூல் சுற்றிய பாபின் ஓடும் இடத்தில் நூல் துண்டு ஏதாவது சிக்கியிருக்கிறதா? கைச்சக்கரத்துக்கு உள்பக்கம் தண்டைச் சுற்றி நூல் ஏறியிருக்கிறதா? சில மெஷின்கள் இந்த நூலை உருவினாலே ஓடத் தொடங்கிவிடும்.

அப்படியும் அசையாவிட்டால், தையல் மெஷினுக்கென்றே விற்கும் நிறமில்லாத மெல்லிய எண்ணெய் வேண்டும். மேலே தெரியும் துளைகளோடு நிறுத்திவிடாதீர்கள். இடது ஓரத்தில் இருக்கும் முகத்தகட்டைக் கழற்றினால் ஊசி மாட்டிய தண்டும் துணியை அழுத்தும் தண்டும் தெரியும். தலையைப் பின்னால் சாய்த்தால் அடிவயிறு தெரியும். இரும்பும் இரும்பும் உரசுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொட்டு. பிறகு ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லையா, போய்த் தூங்குங்கள். மறுநாள் மறுபடியும். என்னுடையது ஆறு நாள் முறைத்துக்கொண்டு நின்றது. எண்ணெய்க்கு மசியாத இடத்தில் மண்ணெண்ணெய் விடலாம், கோந்து கரையும். ஆனால் அந்தக் கட்டத்தில் ஹேர் டிரையர், நெருப்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். கரைந்த அழுக்கைத் துடைத்த பின் மறுபடி எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் கழுவுமே தவிர, உராய்வைத் தாங்காது.

அடுத்து, அந்தப் பொன்னிறப் பூவேலை. இதில் நான் பட்டவள். அந்தப் பூக்களுக்கு மேலே பளபளப்பாக இருப்பது பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அது தெரியாமல் என் முதல் மெஷினை (அது ஒரு கை மெஷின்) ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். அழுக்கு அழகாக வந்தது. கூடவே பூவும் வந்தது. பஞ்சு மினுமினுத்ததைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. நீங்கள் மெஷின் எண்ணெயையே மெல்லிய பருத்தித் துணியில் தொட்டுத் துடையுங்கள். ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

ஓட ஆரம்பித்ததும் ஒரு வெறி வரும், எல்லாத் திருகையும் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்று. வேண்டாம். சிங்கர் தன் திருகுகளுக்குப் பல இடங்களில் தனக்கே உரிய மரையைப் போட்டது. ஒன்று தொலைந்தால் அதே அளவில் இன்னொன்று லேசில் கிடைக்காது. என் அனுபவத்தில், ஒழுங்காகத் தைக்கிற நிலைக்கு வந்ததும் பழுது பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். மிச்ச அழுக்கை ஓட்டமே வெளியே தள்ளும். தைக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குத் தண்டுகளின் ஓரத்தில் பழுப்பாக எண்ணெய் கசியும், துடைத்துக்கொண்டே இருக்கலாம். பழைய துணியை மட்டும் தையுங்கள் அதுவரை.

கழற்றியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாபினில் நூல் சுற்றும்போது தளர்த்துகிற திருகு கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கிறதே, அது. அதற்குள்ளும் எண்ணெய் இறுகியிருக்கும். உள்ளே சின்னக் கொம்புகள் நீட்டிய ஒரு வளையம் இருக்கும். அதை எடுப்பதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. திரும்ப மாட்டினால், இறுக்கினாலும் சக்கரம் பிடிக்கவில்லை. ஒரு சனி ஞாயிறு முழுக்க மெஷினைத் திட்டினேன். வளையத்தை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது.

துணியை நகர்த்தும் பற்களுக்கு மேலே இருக்கும் தகட்டையும் கழற்றிப் பாருங்கள். பல் வரிசைகளுக்கு நடுவே கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாக ஏதோ இருக்கும். மெஷினோடு வந்த பாகம் என்று நினைத்து விட்டுவைப்பார்கள். அது பல வருடத்துப் பஞ்சுத் தூசி. குச்சியால் நெம்பி எடுத்துவிடுங்கள். அதே சமயம், பாபினை மேலிருந்து இறக்கிப் போடும் சிங்கர் 66 மாதிரி மெஷின்களில் பாபினுக்கு அடியில் சின்னச் சிவப்புக் கம்பளித் துண்டு நிஜமாகவே உண்டு. எண்ணெயைப் பிடித்து வைப்பது அதன் வேலை. அதைத் தூசி என்று எறிந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

இனி கால்கள். மெஷினின் தலைக்கு எண்ணெய் மேல் எண்ணெயாக விடுவார்கள். கீழே மிதிபலகை தொங்குகிற இரண்டு முனைகள், பெரிய சக்கரத்தின் அச்சு, இரண்டையும் இணைக்கிற நீளத்தண்டின் மேல்முனையும் கீழ்முனையும் எல்லாம் காய்ந்துகொண்டு கிடக்கும். "மிதிக்க முடியவில்லை, கால் வலிக்கிறது" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பலகையை ஒரு மிதி மிதித்து விடுங்கள். சக்கரம் தானாகப் பல சுற்று ஓடி நிற்க வேண்டும். இரண்டு சுற்றில் நின்றால் குறை காலில் இருக்கிறது. தோல் பெல்ட் காய்ந்து வெடித்திருந்தால் புதியது போடுங்கள். வழக்கமான கனம் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழுக்காத அளவுக்கு இறுக்கம் போதும். வில் நாண் மாதிரி இழுத்துக் கட்டினால் மிதி கனக்கும், அச்சும் தேயும்.

ஊசி விஷயம். உங்கள் மெஷின் சிங்கரின் 15, 66, 127 வகைகளில் ஒன்றாக இருந்தால் கவலையே இல்லை. இன்றைய வீட்டு மெஷின்களுக்கு விற்கும் 15×1 ஊசிதான் அதற்கும். அதற்கும் முந்தைய 12ஆம் வகையாக இருந்தால் ஊசி தேடி அலைய வேண்டியிருக்கும். எந்த வகை என்று அறிய, உடலில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 1900இலிருந்து சிங்கர் எண்ணுக்கு முன்னால் எழுத்தும் சேர்த்தது. அதை வைத்து ஆலையையும் வருடத்தையும் கண்டுபிடிக்கலாம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்ததாகவும் இருக்கலாம். 1885இல் தொடங்கி 1980 வரை நடந்த ஆலை அது. ஆனால் எண்ணை வைத்துக் கிடைக்கும் வருடம் எண்களை ஒதுக்கிய வருடம்தான், மெஷின் கொஞ்சம் தள்ளி வெளிவந்திருக்கலாம்.

ஊசியை மாட்டும் திசை மெஷினுக்கு மெஷின் மாறும். நீளப் பள்ளம் இருக்கிற பக்கமாக நூல் நுழைய வேண்டும், தட்டைப் பக்கத்தை ஒட்டிக் கீழே ஷட்டிலின் (அடிநூலைச் சுமக்கும் பாகம்) முனை கடந்துபோக வேண்டும். இதை மனதில் வைத்தால் எந்தப் பழைய மெஷினிலும் தப்பு வராது. தைக்கும்போது அடியில் நூல் கொசகொசவென்று திரண்டால் பாபினைக் குடையாதீர்கள். தப்பு பெரும்பாலும் மேல்நூலைக் கோர்த்த விதத்தில் இருக்கும்.

சரி, மோட்டார். வந்தவர் சொன்னதில் தவறில்லை. தினமும் இருபது உருப்படி தைத்துக் கொடுக்க வேண்டியவருக்கு மோட்டார்தான் நியாயம். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. சாதாரண மோட்டார் போட்ட மெஷினில் காலை எடுத்த பிறகும் ஊசி இரண்டு தையல் ஓடித்தான் நிற்கும். மிதிக்கிற மெஷினில் வேகம் உங்கள் கணுக்காலில் இருக்கிறது. காலர் முனையில் ஒரே ஒரு தையல் வேண்டுமென்றால் ஒரே ஒரு தையல். எனக்குக் கால் மெஷின் பிடித்ததற்கு முழுக் காரணமும் இதுதான். பாட்டி நினைவு, பழைய பொருளின் அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தையல் மெஷினின் கதையே கைகளை விடுவித்த கதைதான். எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கிய மெஷினில் துணி மேசைமேல் படுக்காது. ஒரு தகட்டில் இருந்த முட்களில் அதைக் குத்தித் தொங்கவிட வேண்டும். வளைந்த ஊசி பக்கவாட்டில் வந்துபோகும், ஒரு கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தகட்டின் நீளம் முடிந்தால் நிறுத்திவிட்டு மறுபடி குத்த வேண்டும். 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை வாங்கியதில் துணி கிடையாகக் கிடந்தது, நேரான ஊசி மேலிருந்து இறங்கியது, காலாலும் ஓட்டலாம். இரண்டு கையும் துணிக்கே மிஞ்சியது. கை மெஷினில் இன்றும் ஒரு கைதான் துணிக்கு. ஆனாலும் கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஊசி மூன்று முறை இறங்கும், அதனால் நினைக்கிற அளவு மெதுவாக இருக்காது. குழந்தைகளுக்குக் கற்றுத்தர நான் அதைத்தான் எடுக்கிறேன்.

கால் மெஷினின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நேர்த்தையல் மட்டும்தான் வரும். இழுபடும் பனியன் துணிக்கு ஒத்துவராது. பழைய மாடல்களில் பின்னோக்கித் தைக்கும் விசையே இருக்காது, துணியைத் திருப்பி வைத்துத்தான் முடிச்சுப் போட வேண்டும். இதற்கெல்லாம் உங்கள் மின்சார மெஷின் இருக்கட்டும்.

மிதிக்கப் பழகுவது எளிது, ஆனால் வரிசையாகப் போங்கள். முதல் நாள் பெல்ட்டே வேண்டாம், வெறும் பலகை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதம் சற்று முன்னே, ஒன்று பின்னே. கையால் பெரிய சக்கரத்தைத் தள்ளிவிட்டு, அந்த ஓட்டத்தோடு கால் சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவதாக, பெல்ட் மாட்டி, நூல் கோர்க்காமல் காகிதத்தில் ஓட்டுங்கள். சிங்கரில் கைச்சக்கரத்தின் மேல்விளிம்பு எப்போதும் உங்களை நோக்கியே சுழல வேண்டும். பின்னால் போனால் நூல் அறுந்துவிடும், அல்லது அடியில் சிக்கும். சந்தேகம் வந்தால் காலை அமர்த்திவிட்டுக் கையால் சக்கரத்தைப் பிடியுங்கள். என் அனுபவத்தில் மூன்றாம் நாள் மாலை திடீரென்று கால் கற்றுக்கொண்டுவிடும், நமக்கே தெரியாது.

தம்பிக்கு மேசை வேண்டுமென்றால், தலை உடைந்துபோன கால்கள் எத்தனையோ கிடக்கின்றன. அதில் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். பூவேலை இருக்கிற உடலுக்குப் பெயிண்ட் அடிக்கிற பேச்சு வந்தால் என்னிடம் அனுப்புங்கள் அவரை.

இழுப்பறைகளைத் திறந்து பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஓரம் மடிக்கிற ஃபுட் (துணியை அழுத்தும் தண்டில் மாட்டுவது), சுருக்கம் வைக்கிற ஃபுட் எல்லாம் அதற்குள் ஒரு தகர டப்பாவில் இருக்கக்கூடும். பாபின்களும் இருக்கும். நீளமாகக் குச்சி மாதிரி இருந்தால் படகு வடிவ ஷட்டில், வட்டமாக இருந்தால் வேறு. எது என்று எழுதுங்கள், நூல் கோர்க்கும் வழியைச் சொல்கிறேன். பாபினில் பாட்டி கடைசியாகச் சுற்றிய நூல் மிச்சம் இருந்தால் அதில் தைக்காதீர்கள், பழைய பருத்தி நூல் இற்றுப்போயிருக்கும். அதை உருவி எறியவும் வேண்டாம். வேறொரு பாபினை எடுத்துச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா