பக்கத்து வீட்டுக்கு வருகிறவர்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். போதையிலிருந்து மீண்டுவரும் எட்டுப் பேர் எங்கள் தெருவில் வாடகைக்கு வருகிறார்கள். ‘இது குடும்பங்களுக்கான பகுதி’ என்று நகராட்சிக்கு மனு தயாராகிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. வீடு கொடுப்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் அங்குள்ள வீட்டுவசதிச் சட்டத்தின் 1988 திருத்தம், போதையிலிருந்து மீள்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குரிய பாதுகாப்பைத் தருகிறது. இன்னமும் சட்டவிரோதப் போதைப்பொருள் எடுப்பவர்களுக்கு அது கிடையாது.

வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரிலும் இதே சண்டை வந்தது. உறவில்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்திருந்தால் அது குடும்பமில்லை என்றது நகர விதி. ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்ற மீள்வு இல்லத்திலோ பத்துப் பன்னிரண்டு பேர். அந்த விதிக்கு வீட்டுவசதிச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லத்துக்கு அதோடு வெற்றி என்று சொல்ல முடியாது. விதி பாகுபாடு காட்டுகிறதா என்பதைக் கீழ் நீதிமன்றம் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் ‘குடும்பம்’ என்று எழுதிவைத்தே கதவைச் சாத்திவிட முடியாது என்பது தெளிவானது.

என் தம்பி இப்படியொரு வீட்டில் இருந்துதான் மீண்டான். யார் பாத்திரம் தேய்ப்பது, யார் வாடகைப் பங்கு பாக்கி என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மறுபடி குடித்தவரை மற்றவர்களே ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். அவ்வளவு கண்டிப்பு நம் வீடுகளில்கூட இருக்காது!

சத்தம், பார்க்கிங் என்று தொந்தரவு வந்தால், எந்த அண்டை வீட்டாரிடமும் பேசுவதுபோல நேரில் போய்ப் பேசுங்கள்.