மணிக்கட்டு அறுவையில் தைக்காமல் விட்ட தசை

மணிக்கட்டு எலும்பு முறிவுக்கு உலோகப் பிளேட் பொருத்திய அறுவை சிகிச்சைக் குறிப்பில் ‘தசை தைக்கப்படவில்லை’ என்றிருப்பதால்தான், ஆறு வாரமாகியும் சாவியைத் திருப்ப முடியவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது காரணமாக இராது. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக இருக்கும் ஆர எலும்பின் உள்ளங்கைப் பக்கத்தை அடைய, அதன்மேல் குறுக்காகப் படிந்திருக்கும் ‘புரோனேட்டர் குவாட்ரேட்டஸ்’ என்னும் சதுரத் தசையை வழக்கமாக வெட்டி விலக்குவார்கள். முறிவிலேயே கிழிந்து நைந்திருக்கக்கூடிய அந்த மெல்லிய தசையில் தையல் பல நேரம் பிடிப்பதில்லை. தைத்தவர்களையும் தைக்காதவர்களையும் ஓராண்டு வரை ஒப்பிட்ட ஆய்வுகளில் கையின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்ப முழங்கையருகே இன்னொரு தசையும் உண்டு. இந்தக் கட்டத்தில் இறுக்கம் பலருக்கும் இருப்பதே. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை: கட்டைவிரலை மடக்கும்போது மணிக்கட்டில் உரசலோ நறநறப்போ தோன்றினால், பிளேட்டின் விளிம்பு தசைநாணைத் தேய்க்கிறதா என்று அறுவை செய்த மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.